எம்249: கட்டுபடியாகாத துப்பாக்கிக்கு ஒரு பரிந்துரை

கோத்தகிரியில் டானிங்டன் பக்கம் எட்டு கம்ப்யூட்டர்கள் வைத்து ஒரு சின்ன சென்டர் நடத்துகிறேன். பகலில் ஜெராக்ஸ், பான் கார்டு, தேர்வு விண்ணப்பம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பசங்க வந்துவிடுவார்கள். அப்புறம் கடை மூடும் வரை கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற சுடும் விளையாட்டுதான்.

2022 மழைக்காலத்தில் நடந்த ஒரு விஷயத்தை முழுதாக எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். அந்த விளையாட்டில் யாரும் வாங்காத எம்249 என்ற மெஷின் கன்னை எப்படிச் சரிசெய்யலாம் என்று மூன்று வாரம் உட்கார்ந்து யோசித்து, சோதித்து, விளையாட்டை உருவாக்குபவர்களுக்கு ஒரு பரிந்துரை எழுதினோம். மூன்று தடவை எழுதினோம், முதல் இரண்டும் தப்பு. அந்தத் தப்புகளில்தான் விஷயம் இருக்கிறது.

கோத்தகிரிக்கு மழை வடகிழக்கில்தான் கொட்டும். அக்டோபர், நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் எங்காவது மரம் விழும், இன்டர்நெட் போய்விடும். அன்றைக்கு வெளி சர்வர் கிடையாது. கடைக்குள்ளேயே லேனில் நான்குக்கு நான்கு ஆடுவோம். வெளியாட்கள் இல்லாததால் புதிதாக ஏதாவது முயன்று பார்க்கத் தோன்றும். அப்படி ஒரு நாள்தான் ஒரு தம்பி எம்249 வாங்கினான்.

அவன் அப்பா சிறு தேயிலை விவசாயி. இவன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. அந்த ரவுண்டில் இரண்டு பேரைச் சுட்டுவிட்டுச் செத்தான், அணி ஜெயித்தது. அடுத்த ரவுண்டில் கையில் காசில்லை. மற்ற மூன்று பேரும் ஏகே வாங்கிக்கொண்டு போக, இவன் வெறும் பிஸ்டலோடு நின்றான்.

"கட்டுபடியாகலீங்க அண்ணா. ரெண்டு பேரை அடிச்சு, ரவுண்டும் ஜெயிச்சு, நஷ்டம்."

பச்சைத் தேயிலையை எடை போட்டு வாங்கும் வீட்டில் வளர்ந்தவன் வாயில் அந்த வார்த்தைதான் முதலில் வரும். எங்கள் ஆய்வு முழுக்க அதே வார்த்தையைச் சுற்றித்தான் போனது. ஆனால் அன்றைக்கு நாங்கள் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, "டேமேஜ் கம்மி, பஃப் பண்ணணும்." அதாவது தோட்டாவின் அடியைக் கூட்ட வேண்டும். நானும் தலையாட்டினேன்.

முதல் பரிந்துரை: டேமேஜைக் கூட்டு

விளையாட்டை அறியாதவர்களுக்காக ஒரு வரி. ஒவ்வொரு ரவுண்டும் தொடங்கும்போது கையில் இருக்கும் விளையாட்டுக் காசில் துப்பாக்கி, கவசம், குண்டு எல்லாம் வாங்க வேண்டும். ஏகே-47 விலை 2700 டாலர். எம்249 விலை 5200. ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் ஒரு தோட்டாவின் அடிப்படை டேமேஜ் ஏகேக்கு 36, எம்249-க்கு 32. பார்த்தவுடன் யாருக்கும் கோபம் வரும். இரண்டு மடங்கு காசு கொடுத்துக் குறைந்த அடியா?

கடையில் வயதான ஒருவர் விட்டுப்போன இலைக் கணக்கு நோட்டு ஒன்று கிடந்தது. தேதி, கிலோ, முன்பணம் என்று கோடு போட்ட பழைய நோட்டு. பாதிக்கு மேல் வெற்றுத் தாள். அதில்தான் கணக்கு போட ஆரம்பித்தோம்.

எதிரிக்கு உயிர் 100. கவசம் போட்டவர் மார்பில் பட்டால் ஏகேயின் அடியில் 77.5 சதவீதம்தான் இறங்கும், அதாவது 27.9. எம்249-இன் அடியில் 80 சதவீதம் இறங்கும், 25.6. இரண்டுக்குமே நான்கு தோட்டா வேண்டும். இதுவரை சமம். இனி வேகம். ஏகே நிமிடத்துக்கு 600 தோட்டா, எம்249 750. முதல் தோட்டாவிலிருந்து நான்காவது தோட்டா வரை ஏகேக்கு 0.30 நொடி, எம்249-க்கு 0.24 நொடி.

தம்பி பேனாவைக் கீழே வைத்துவிட்டான். நாங்கள் நோஞ்சான் என்று திட்டிக்கொண்டிருந்த துப்பாக்கி, மார்பில் நான்கும் பட்டால், ஏகேயை விடச் சீக்கிரம் ஆளைக் கொல்கிறது.

சரி, இருந்தாலும் டேமேஜைக் கூட்டினால் என்ன என்று பார்த்தோம். 32-ஐ 36 ஆக்கினால் கவசத்தின் மேல் 28.8. மூன்று தோட்டாவுக்கு 86.4, இன்னும் நான்காவது வேண்டும். 40 ஆக்கினால் 32. மூன்றுக்கு 96. இன்னும் நான்காவது வேண்டும்! 42-க்குப் போனால்தான் மூன்று தோட்டாவில் ஆள் விழுகிறார். அப்போது நேரம் 0.16 நொடி, பெட்டியிலோ 100 தோட்டா. எதிரில் நிற்பவர் என்னதான் செய்ய முடியும்?

ஆக, மார்பில் படும் அடியைப் பொறுத்தவரை 33-இலிருந்து 41 வரை எந்த எண்ணைப் போட்டாலும் கவசக்காரருக்கு ஒரு மாற்றமும் இல்லை. 42-ஐத் தொட்டால் பூதம். நடுவில் ஒன்றுமே கிடையாது. "பஃப் பண்ணுங்க" என்று எழுதும் பெரும்பாலானோர் கேட்பது இந்த வெற்று இடைவெளியைத்தான். இதைச் சொல்லிக் குறைகூற வரவில்லை, நானும் அதைத்தான் கேட்டேன். ஒரு தோட்டாவின் அடி எத்தனை என்பது ஆடுபவர் கண்ணில் படாது. எத்தனை தோட்டாவில் ஆள் விழுந்தார் என்பதுதான் படும். பரிந்துரை எழுதுபவர் முதலில் பிடிக்க வேண்டிய எண் அதுதான்.

தலையில் படும் அடி மட்டும் கொஞ்சம் வேறு கதை. தலைக்கு நான்கு மடங்கு. ஹெல்மெட் போட்டவருக்கு எம்249-இலிருந்து 102.4 இறங்குகிறது, ஆள் காலி. ஆனால் தூரம் கூடக்கூட அடி குறையும். ஏகேக்கு 500 அலகுக்கு 2 சதவீதம், எம்249-க்கு 3 சதவீதம். 400 அலகு போவதற்குள்ளேயே அந்த 102 நூறுக்குக் கீழே போய்விடுகிறது. ஏகேயின் 111.6-க்கு அந்தக் கவலை வெகுதூரம் வரை இல்லை. பாதி விலைக்கு ஏகே வாங்கினால் எங்கிருந்தாலும் ஹெட்ஷாட் ஒன்றே போதும் என்ற நம்பிக்கை கிடைக்கிறது. இது உண்மையான குறைதான். ஆனால் 5200-க்கு யாரும் வாங்காததற்கு இது மட்டும் காரணமாக முடியாது.

இரண்டாவது பரிந்துரை: விலையைக் குறை

அப்போதுதான் தம்பி முதல் நாள் சொன்ன "கட்டுபடியாகல" நினைவுக்கு வந்தது. தாளைத் திருப்பி வரவு செலவு எழுதினோம்.

ஏகே 2700, ஹெல்மெட்டோடு கவசம் 1000, ஒரு ஸ்மோக் புகைக்குண்டு 300, கண்ணைக் கூசவைக்கும் ஒரு ஃப்ளாஷ் 200. மொத்தம் 4200. எதிரணியை முழுதாக வீழ்த்தி ரவுண்டை ஜெயித்தால் தலைக்கு 3250 வரும். துண்டு விழுவது 950. ஒரு கொலைக்கு 300 என்றால் மூன்று பேரைச் சுட்டவருக்குக் கிட்டத்தட்ட போட்ட காசு திரும்பிவிட்டது. செத்திருந்தாலும் அடுத்த ரவுண்டில் மறுபடி ஏகே எடுக்கலாம்.

எம்249-ஓடு அதே சாமான் எல்லாம் சேர்த்தால் 6700. ஜெயித்தால் 3250. துண்டு விழுவது 3450. அதை அடைக்கப் பன்னிரண்டு கொலை வேண்டும். எதிரணியில் இருப்பதே ஐந்து பேர். ஐந்து பேரையும் ஒருவரே சுட்டுத் தள்ளி, ரவுண்டையும் ஜெயித்து, கடைசியில் பாம் வெடித்துச் செத்தால்கூட 1950 டாலர் கையை விட்டுப் போகிறது. இந்தத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒருவர் ஆடக்கூடிய மிகச் சிறந்த ரவுண்டு இது. அதிலும் நஷ்டம்.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாளே "விலையை 3300 ஆக்குங்கள்" என்று இரண்டாவது வரைவை எழுதி, அச்சடித்து, சுவரில் ஒட்டினேன்.

அதைச் சோதிக்க ஒரு வழியும் கண்டுபிடித்தோம். லேன் சர்வரில் ஆயுதத்தின் விலையை மாற்ற எங்களுக்குத் தெரியாது. ஆனால் சீட்ஸ் என்ற சோதனைக் கட்டளைகளைத் திறந்துவிட்டால் 'கிவ்' கட்டளை போட்டு எந்தத் துப்பாக்கியையும் இலவசமாக வரவழைக்கலாம். பாம் வைக்கும் தளத்தைக் காக்கும் கவுன்டர் அணிக்கு ஆக் ரைஃபிள் 3300, அந்தத் தளத்தைப் பிடிக்க வரும் டெரரிஸ்ட் அணிக்கு எஸ்ஜி 553 ரைஃபிள் 3000. ஆக, எம்249 வேண்டும் என்பவர் தன் பக்கத்து ஸ்கோப் ரைஃபிளைக் காசு கொடுத்து வாங்கி, சுவர் ஓரம் எறிந்துவிட்டு, 'கிவ்' போட வேண்டும். எறிந்ததை யாரும் எடுக்கக் கூடாது. கிட்டத்தட்ட நாங்கள் கேட்ட விலைக்கே எம்249 வாங்கிய மாதிரி ஆகிவிடும்.

முதல் சாயங்காலம் எல்லாரும் எம்249 வாங்கினார்கள். அந்த நாள் கணக்கை நோட்டில் ஏற்றவே இல்லை, புது மோகத்தில் நடந்ததை வைத்து எதையும் சொல்ல முடியாது. இரண்டாம் நாள் டெரரிஸ்ட் பக்கம் ஒவ்வொருவராக ஏகேக்குத் திரும்பினார்கள். ஓடிப்போய்த் தளத்தைப் பிடிக்கும் வேலைக்கு எம்249 ஒத்துவரவில்லை. கையில் ஏந்தி ஓடினால் வேகம் 195, ஏகேக்கு 215. பெட்டி தீர்ந்துவிட்டால் மாற்றுவதற்கு ஏறக்குறைய ஆறு நொடி. விலை குறைந்தும் வேண்டாம் என்றார்கள். கவுன்டர் பக்கம் இரண்டு பேர் மட்டும் விடாமல் வாங்கினார்கள்.

இதைக் கேட்டுவிட்டுத்தான் தம்பி சுவரில் ஒட்டிய தாளின் முன்னால் நின்று கேட்டான். "விலைதான் காரணம்னா, ஏடபிள்யூபி எப்படிண்ணா விக்குது?"

என்னிடம் பதில் இல்லை. ஏடபிள்யூபி என்ற ஸ்னைப்பர் துப்பாக்கி 4750. சாமான்களோடு 6250. ஜெயித்தாலும் துண்டு 3000. ஒரு கொலைக்குக் கிடைப்பது வெறும் 100. ஐந்து பேரைச் சுட்டாலும் 500. கட்டுபடி என்று பார்த்தால் எம்249-ஐ விட மோசம். ஆனாலும் காசு சேர்ந்தவுடன் எந்த அணியும் ஒரு ஏடபிள்யூபி வாங்காமல் இருக்காது. ஏனென்றால் மார்பில் ஒரே தோட்டாவில் ஆளைச் சாய்க்கும் வேலையை வேறு எந்தத் துப்பாக்கியும் அவ்வளவு நம்பிக்கையாகச் செய்யாது. அந்த வேலைக்குத்தான் நஷ்டப்பட்டுக் காசு கொடுக்கிறார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் கவாத்துக் கத்திக்கு ஆண்டு முழுக்க வேலை இருக்காது. ஆனால் கவாத்து சமயத்தில் அது இல்லாமல் முடியாது, அதனால் எந்த வீட்டிலும் ஒன்று இருக்கும். எம்249-க்கு அப்படி ஒரு சமயமே இல்லை. அதுதான் நோய். விலை அதன் மேல் ஏறிய சுமை.

வேலையை யார் எடுத்துக்கொண்டார்கள்

ஒரு காலத்தில் நெகெவ் என்ற இன்னொரு மெஷின் கன்னும் இப்படித்தான் கிடந்தது. விலை 5700, வாங்குவாரில்லை. 2017 மார்ச்சில் விளையாட்டை உருவாக்கும் வால்வ் நிறுவனம் அதன் விலையை ஒரேயடியாக 2000 ஆக்கியது, பிற்பாடு 1700-இல் வந்து நின்றது. விலையை மட்டும் தொட்டிருந்தால் அது மலிவான குப்பையாகத்தான் இருந்திருக்கும். கூடவே ரீகாயிலையும், அதாவது சுடும்போது துப்பாக்கி உதறும் விதத்தையும், மாற்றினார்கள். முதல் சில தோட்டாக்கள் தாறுமாறாகப் போகும், விடாமல் பிடித்துச் சுட்டால் நேர்க்கோட்டில் போக ஆரம்பிக்கும். ஒரு சந்துப் பாதையை அடைத்துப் பிடிக்கும் வேலை நெகெவுக்குக் கிடைத்தது. அந்த மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பலவீனமான ஆயுதத்தைச் சரிசெய்வது எப்படி என்று யாராவது கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

ஆனால் எம்249-க்கு மிச்சமிருந்த ஒரே வேலை அதுதான். மூன்றில் ஒரு பங்கு விலையில் நெகெவ் அதை எடுத்துக்கொண்டது. மேலே ஏகே, கீழே நெகெவ், நடுவில் நம் ஆள்.

விலையை மட்டும் குறைப்பதில் இன்னொரு பயமும் உண்டு. 2018 அக்டோபரில் எஸ்ஜி 553-இன் விலையை 3000-இலிருந்து 2750 ஆகக் குறைத்தார்கள். வெறும் 250 டாலர். துப்பாக்கியில் வேறு எதுவும் மாறவில்லை. அதுவரை தொழில்முறை ஆட்டங்களில் அபூர்வமாகத் தென்பட்டது, 2019-இல் ஏகேயையே ஓரங்கட்டும் நிலைக்கு வந்தது. விலையைப் பழையபடி 3000 ஆக்கியும் அது அடங்கவில்லை. கடைசியில் 2020 ஏப்ரலில் சுடும் வேகத்தையே குறைத்தார்கள். கவசத்தை முழுக்கத் துளைக்கும் வலுவும் ஸ்கோப்பும் அதில் ஆரம்பத்திலிருந்தே இருந்தன. அது தெரியாமல் இருந்ததற்கு விலை ஒரு திரை, அவ்வளவுதான். எம்249-இன் 0.24 நொடியும் அப்படித் திரைக்குப் பின்னால் இருக்கும் வலுதான். 1900 டாலர் குறைக்கச் சொல்லி எழுதிய எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். சுவரிலிருந்து தாளைக் கிழித்தேன்.

இன்ஃபெர்னோவில் ஒரு ரவுண்டு

மூன்றாம் நாள் சோதனை. மேப் இன்ஃபெர்னோ. பி தளத்துக்குப் போகும் வளைந்த சந்துப் பாதையைப் பனானா என்பார்கள். தம்பி கவுன்டர் பக்கம், தனியாக பி தளத்தில். கையில் எம்249.

டெரரிஸ்ட் பக்கம் மூன்று பேர் பனானாவின் வாயில் ஸ்மோக் போட்டார்கள். அந்தப் புகை சுமார் 18 நொடி நிற்கும். ஏகே வைத்திருப்பவர் புகைக்குள் சுட்டால் 30 தோட்டா மூன்று நொடியில் தீர்ந்துவிடும், மாற்றும் நேரத்தில் எதிரி நுழைந்துவிடுவார். தம்பி உட்கார்ந்துகொண்டான். புகை பரவியதும் இடுப்பு உயரத்தில் இடமிருந்து வலமாகக் கொஞ்சம், நிறுத்தம், வலமிருந்து இடமாகக் கொஞ்சம். 100 தோட்டாவை ஒரே மூச்சில் சுட்டாலே எட்டு நொடி. விட்டு விட்டுச் சுட்டான், புகை கலையும்போதும் பெட்டியில் மிச்சம் இருந்தது. புகைக்குள் ஒருவன் செத்தான், இன்னொருவன் அடிபட்டுப் பின்வாங்கினான். அடுத்த நொடி மூன்றாவது ஆள் வெளியே பாய்ந்தான். தம்பி எழுந்து, ரைஃபிளைப் போலவே நான்கைந்து தோட்டா, மார்பில். ஆள் விழுந்தான்.

எட்டு பேரும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த வேலை இதுதான். புகையை அடைத்துப் பிடிக்க வேண்டும், புகை கலைந்ததும் அதே துப்பாக்கியால் நேருக்கு நேர் சண்டையும் போட வேண்டும். நெகெவால் முன்பாதி முடியும். எதிரி திடீரென்று பாய்ந்தால் அதன் முதல் தோட்டாக்கள் சிதறும், நடையும் மிக மெது. ஏகேயால் பின்பாதி முடியும், முன்பாதிக்குத் தோட்டா போதாது. இரண்டையும் ஒரே கையில் செய்ய எம்249 மட்டும்தான் இருக்கிறது.

குறை ஒன்றும் தெரிந்தது. உட்கார்ந்து சுட்டபோதும் தோட்டாக்கள் நினைத்ததை விட அகலமாகப் பரவின. தோட்டா பட்ட இடத்தைக் காட்டும் எஸ்வி ஷோஇம்பாக்ட்ஸ் கட்டளை போட்டுச் சுவரில் சுட்டுப் பார்த்தால், விடாமல் சுடும் நீண்ட ஸ்ப்ரேயில் புள்ளிகள் ஆள் உயரத்தைத் தாண்டிச் சிதறியிருந்தன. ரீகாயில் ஸ்கேலைக் கொஞ்சம் குறைத்துச் சுட்டோம், புள்ளிகள் நெருங்கின. ஆனால் அந்தக் கட்டளை எல்லாத் துப்பாக்கிக்கும் சேர்த்தே வேலை செய்யும். அதனால் சுவரில் பார்த்ததோடு சரி, ஆட்டத்தில் சோதிக்க முடியவில்லை. பரிந்துரையில் அதையும் அப்படியே எழுதினோம். சோதித்தது எது, ஊகம் எது என்று பிரித்து எழுதாவிட்டால் படிப்பவர் எதையுமே நம்ப வேண்டியதில்லை.

மூன்றாவது பரிந்துரை

மூன்றாவது வரைவு ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. முதல் பத்தியில் வேலையைச் சொன்னோம். அதற்குப் பிறகு இரண்டே மாற்றம். ஒன்று, அசையாமல் உட்கார்ந்து சுடும்போது மட்டும் நீண்ட ஸ்ப்ரே இன்னும் இறுக்கமாக இருக்கட்டும், நடக்கும்போதும் ஓடும்போதும் இப்போதுள்ள சிதறலே இருக்கட்டும். இரண்டு, விலை 3500.

ஏன் 3300 இல்லை என்று பசங்க கேட்டார்கள். 3500 என்றால் சாமான்களோடு 5000. ஜெயித்தால் துண்டு 1750. ஐந்து பேரையும் ஒருவரே சுட்டால் 1500 திரும்பும், 250 கையைக் கடிக்கும். அந்தக் கடி இருக்க வேண்டும் என்று நினைத்தோம். அதாவது ரைஃபிளுக்குப் பதிலாகத் தினமும் வாங்கும் சாமானாக ஆகிவிடக் கூடாது, ஒரு தளத்தை இன்றைக்கு இப்படித்தான் பிடிக்கப் போகிறோம் என்று முடிவு செய்தவர் வாங்க வேண்டும்.

தொடக் கூடாதவற்றையும் எழுதினோம். டேமேஜ் 32, வேகம் 195, ஆறு நொடி ரீலோடு, கொலைக்கு 300, எதையும் மாற்ற வேண்டாம். இந்த பத்திதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம் என்பது என் எண்ணம். பலவீனமான ஆயுதத்தின் மேல் ஆசை வைத்தவர் எல்லாவற்றையும் கூட்டச் சொல்வார். உருவாக்குபவருக்கோ, எந்தப் பலவீனத்தை எதிரியின் கையில் விட்டுவைக்கிறோம் என்பது தெரிய வேண்டும். புகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எம்249-ஐப் பக்கவாட்டில் வந்து அடிக்கலாம், ஃப்ளாஷ் போட்டு அடிக்கலாம், ரீலோடு சத்தம் கேட்டு அடிக்கலாம். அந்த மூன்று வழியும் திறந்தே இருக்க வேண்டும்.

கடைசி வரி தம்பியுடையது. டெரரிஸ்ட் அணி தளத்தைப் பிடிக்க ஓடும்போது ஏகேக்குப் பதில் இதை வாங்க ஆரம்பித்தால் எங்கள் கணக்கு தப்பு, விலையை உடனே ஏற்றிவிடுங்கள் என்று எழுதினான். தோற்றுப்போனால் எப்படித் தெரியும் என்பதைப் பரிந்துரையிலேயே வைக்கும் பக்குவம் இருபது வயதில் எனக்கு இருந்ததில்லை. மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு எல்லாருக்கும் வர்க்கியும் டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

2023-க்குப் பிறகு

2023 செப்டம்பரில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 வந்தது. எம்249-இன் விலை அதே 5200. ஆனால் அதைச் சுற்றி மூன்று விஷயங்கள் மாறிவிட்டன.

முன்பு 16 ரவுண்டு ஜெயிக்க வேண்டும், இப்போது 13. ரவுண்டு குறைந்ததால் காசு சேரும் சமயங்களும் குறைந்தன. அடுத்து, ஆயுதங்களை ஆட்டத்துக்கு முன்பே தேர்ந்தெடுத்து அடுக்கி வைக்க வேண்டும். நடுவரிசையில் ஐந்தே இடம். அதற்குள் சிறு மெஷின் கன்கள், ஷாட்கன்கள், நெகெவ், எம்249 எல்லாம் போட்டி போடுகின்றன. முன்பு கடையில் தொங்கியபடியாவது இருந்தது. இப்போது வேலை இல்லாவிட்டால் கடைக்குள்ளேயே வராது.

மூன்றாவதுதான் பெரியது. புதிய புகையில் தோட்டா போனால் வழி நெடுகச் சிறு ஓட்டை விழுகிறது, ஒரு கணம் எதிர்ப்பக்கம் தெரிகிறது. தொடர்ந்து சுடுபவருக்குப் புகை திறந்துகொண்டே இருக்கும். எதிரிக்கும் நாம் தெரிவோம் என்பது உண்மைதான், ஆனால் 100 தோட்டா கையில் இருப்பவருக்கும் 30 இருப்பவருக்கும் அது ஒரே பேரம் இல்லை. நாங்கள் ஸ்ப்ரேயை இறுக்கிப் பெற நினைத்த வேலையில் பாதியைப் புகையே கொடுத்துவிட்டது.

தம்பி இப்போது கோவையில் வேலை பார்க்கிறான். போன பொங்கலுக்கு வந்தவன், மேசை இழுப்பறையிலிருந்து அந்த இலைக் கணக்கு நோட்டை எடுத்து, மூன்றாவது வரைவு இருந்த பக்கத்தைத் திறந்தான். ஸ்ப்ரேயைப் பற்றிய பத்தியின் மேல் ஒரே கோடு அடித்தான். விலை வரியை விட்டுவைத்தான்.

"இது மட்டும் போதும்ணா இப்போ. திருப்பி அனுப்பலாமா?"

அன்று ராத்திரி லேனில் ஆடும்போது பார்த்தேன். நடுவரிசையின் ஐந்தாவது இடத்தில் அவன் எம்249 வைத்திருந்தான்.